பாயில் பதினோரு ஓட்டைகள்

பாயில் பதினோரு ஓட்டைகள் இருந்தன. எண்ணியது நான். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை எண்ணினேன். இரண்டும் ஒத்துப்போனதால் கீழே கையெழுத்தும் போட்டேன். சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு எங்கள் குடும்பம் செய்த முட்டாள்தனங்களில் எழுத்து வடிவில் சாட்சி இருப்பது அது ஒன்றுக்குத்தான்.

அந்த ஆண்டு தீவை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லோரும் எதையாவது விற்றுக்கொண்டிருந்தார்கள். போ பசானில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பியானோக்கள் வந்து இறங்கின. வாசிக்கத் தெரிந்தவர் தெருவில் ஒருவரும் இல்லை. ஒன்றின் மேல் சரஸ்வதி படம் ஏறியது, மற்றதன் மேல் இஸ்திரி போடவேண்டிய துணி. நாய் வாங்கியவர்களுக்கு அதோடு ஆங்கிலத்தில் பேசவேண்டி இருந்தது. என் அக்கா புருஷன் வாங்கியது பாய்மரப் படகு.

அத்தான் அரசாங்கப் பண்டகசாலை ஒன்றின் தற்காலிகத் தலைவர். பல்லில் சிக்கிய மாம்பழ நார் மாதிரி அந்தத் 'தற்காலிகம்' பதினான்கு மாதமாக அவருக்குள் இருந்தது. நாக்கு சதா அங்கேயே போய்க்கொண்டிருக்கும். வெளியே சொல்ல முடியாது. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரர் முதலில் நாற்காலியை விட்டு வேறு இலாகாவுக்குப் போனார், இப்போது படகையும் விற்றுவிட்டு ஊருக்கே கிளம்பினார். நாற்காலி நிரந்தரமாக வேண்டும் என்றால் மேலே ஒருவர் பரிந்துரை எழுத வேண்டும். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் பே கடற்கரையில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, படகில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று அத்தான் திட்டம் போட்டார். முன்னவரின் நாற்காலியிலும் முன்னவரின் படகிலும் தான் எவ்வளவு பாந்தமாக உட்காருகிறோம் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்பது உள்நோக்கம்.

பண்டகசாலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பேற்கும்போது முதலில் பட்டியல் எடுப்பார்கள். குறைவது சுத்தியலோ சிமெண்டு மூட்டையோ, எதுவானாலும் எதிரே ஒரே வாக்கியம்: 'முன்னவர் விட்டுப்போனது'. அதை எழுதிவிட்டால் அந்தக் குறைக்கு யாரும் பொறுப்பில்லை, ஏனென்றால் முன்னவர் அங்கே இருக்கமாட்டார். அத்தானுக்கு இது ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. வீட்டில் சர்க்கரை டப்பா காலியாக இருந்தால்கூட, "நான் வந்தப்பவே இப்படித்தான் இருந்திச்சு" என்பார்.

அதனால் படகுக்கும் பட்டியல் வேண்டும் என்றார். அந்த வேலை என்னிடம் வந்தது. நான் அப்போது போர்ட் லூயியில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். பெரும்பாலும் சாக்கடைக் கால்வாய்கள். லண்டன் தேர்வைத் தபால் மூலம் படித்து எழுதி முதல் வகுப்பில் தேறியவள். அளப்பேன், எண் போடுவேன், கோடு நேராக வரும். படகைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது எங்கள் இருவருக்குமே ஒரு குறையாகப் படவில்லை.

பட்டியலின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு வரிகள்:

14. பெரிய பாய், பருத்தி, ஒன்று. கீழ்ப்பகுதியில் ஒரே வரிசையில் பதினோரு ஓட்டைகள். இரு ஓரங்களிலும் இருப்பவை சற்றுப் பெரியவை. ஒவ்வொன்றின் விளிம்பும் நூலால் சுற்றித் தைக்கப்பட்டுள்ளது. ஒட்டுப் போட ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டதாகத் தெரிகிறது.

15. மேற்படி ஓட்டைகளில் இற்றுப்போன கயிற்றுத் துண்டுகள் தொங்குகின்றன. அகற்ற வேண்டும்.

எந்தப் பூச்சியும் துணியை ஒரே வரிசையில், சம இடைவெளி விட்டு அரிக்காது. அது எனக்குத் தோன்றவில்லை. இடைவெளியை அங்குலத்தில் அளந்து எழுதியும் தோன்றவில்லை.

பட்டியலை அக்கா படித்தாள். அவளுக்கு ஓட்டைத் துணி ஆகாது. விருந்தாளி வருகிற நாளில் மேஜை விரிப்பில் ஓர் இழை பிரிந்திருந்தாலே அன்றைக்கு அவள் பேச்சு குறைந்துவிடும். (நாங்கள் வீட்டில் பேசுவது தீவின் பொதுமொழியான கிரியோல், பூஜைக்கும் உறவு சொல்லிக் கூப்பிடவும் மட்டும் தமிழ். இங்கே எல்லோரையும் தமிழில் பேசவைக்கிறேன், அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.)

"அயோ, அந்த வெள்ளைக்கார மதாமுக்கு ஊசி பிடிக்கவே தெரியாதா? பதினோரு ஓட்டையோட படகு ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க!"

"பாதி தைச்சு விட்டிருக்காங்க அக்கா."

"பாதி தைக்கறதுக்குத் தைக்காமலே இருக்கலாம். அதான் சாம்ராஜ்யம் இப்படிப் போச்சு."

பள்ளிச் சீருடை தைத்து மிச்சமிருந்த வெள்ளை டிரில் துணியை எடுத்தாள். எது முடிந்தது, எது பாக்கி என்று தெரிவதற்காக ஒவ்வொரு ஓட்டையின் பக்கத்திலும் நான் நனைந்தால் ஊதாவாகும் காப்பி பென்சிலால் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாலைகள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு சுற்றுத் தையல் போட்டு முடித்தாள். கயிற்றுத் துண்டுகளை நான் வெட்டினேன். அத்தான் வந்து பாயை விரித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது நம்ம படகு" என்றார்.

பிறகு பூஜை. காருக்குப் பூஜை போட்டே பழகிய பூசாரி சந்தனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எஞ்சின் எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் படகைச் சரியாக எடைபோட்ட முதல் ஆள் அவர்தான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைக்க வழியில்லாததால் சுக்கானுக்கு அடியில் வைத்து நசுக்கினோம்.

ஞாயிறு காலை பாம்ப்ளமூஸ் வழியாகக் காரில் வடக்கே போனோம். அக்காவின் மடியில் பிரியாணிச் சட்டி, என் மடியில் மிளகாய் வடைக் கூடை, அத்தானின் கழுத்தில் புதுப் பட்டு டை. "கடலுக்குப் போறதுக்கு டை எதுக்கு?" என்றேன். "அவர் டை கட்டிட்டு வருவார். நான் கட்டலேன்னா அவருக்குச் சங்கடம்" என்றார். அது சரியாகத்தான் இருந்தது. விருந்தாளி கறுப்பு சூட்டிலும் டையிலும் வந்தார். ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், கனத்த உடம்பு. நின்று நிதானித்துப் பேசுகிறவர். மேஜைக்குப் பின்னாலேயே பிறந்து வளர்ந்தவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அப்படி நினைப்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த சூட்.

அக்கா கரையில் சவுக்கு மரத்தடியில் சட்டியோடு நின்றுகொண்டாள். படகில் மூன்று பேர். அத்தான் சுக்கானில். விருந்தாளி நடுவில், மெத்தை மேல். நான் முன்பக்கம், வடைக் கூடையோடும் கைப்பையோடும்.

அத்தானுக்குப் படகு ஓட்ட முன்னவர் கற்றுக்கொடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அன்றைக்குக் காற்று இல்லை. ஆகஸ்டு மாதத் தென்கிழக்குக் காற்று அந்தப் பாடத்தில் வரவே இல்லை. அது கிராண்ட் பேயில் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளுவதால் இருப்பதே தெரியாது. படகு நிமிர்ந்து, தலைமேல் குடம் வைத்துக்கொண்டு போகலாம் போல ஓடும். தெரிவது திரும்பும்போதுதான்.

"பாருங்க மிசியே, வெண்ணெய் மாதிரி போகுது."

விருந்தாளி படகைப் பார்க்கவில்லை. கரையில் சவுக்கு மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து ஏறுது. திரும்பலாம்."

"இது சின்னக் காத்து மிசியே. இதுக்கெல்லாம் பயந்தா பண்டகசாலை நடத்த முடியுமா?"

அவர் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். "பண்டகசாலையில காத்து அடிக்குமா?" என்றார். அத்தான் சிரித்தார். மேலதிகாரி எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு அர்த்தம் பார்ப்பது அவர் வழக்கம்.

வளைகுடாவின் வாயைத் தாண்டியதும் அலை மாறியது. அத்தான் சுக்கானைத் திருப்பினார். படகு பக்கவாட்டில் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. வலது பக்க விளிம்பு தண்ணீருக்குள் இறங்கி, கடல் நிதானமாக உள்ளே வந்து வடைக் கூடையை மிதக்க வைத்தது. பாயை இழுக்கும் கயிற்றை அத்தான் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"கயித்தை விடுங்க" என்றார் விருந்தாளி.

"விட்டா பாய் போயிடுமே, மிசியே!"

"விடலேன்னா நாம போயிடுவோம். விடுங்கய்யா!"

அந்த 'ய்யா' எழுந்து நின்று போட்ட சத்தம். அத்தான் விட்டார். பாய் நூறு பேர் ஈரத் துணியை உதறுவது போலப் படபடத்தது. படகு நிமிர்ந்தது. ஆனால் பாய் பிடிக்காத படகைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போனது. அந்தத் திசையில் எனக்குத் தெரிந்த வரைபடத்தில் அடுத்த கரை மடகாஸ்கர்.

விருந்தாளி கோட்டைக் கழற்றி மடித்து மெத்தை மேல் வைத்தார். "எங்கப்பாவுக்கு மாயேபூரில் மீன் பிடிக்கிற படகு" என்றார், யாரும் கேட்காமலே. "பாயைச் சுருக்கணும். கட்டுக் கயிறெல்லாம் எங்கே?"

"எந்தக் கயிறு, மிசியே?"

அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். காற்று பலத்தால் பாயை முழுசாக விரித்து வைக்கக் கூடாது. கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். பாயின் குறுக்கே இதற்கென்றே ஒரு வரிசைக் கண்கள் வைத்துத் தைத்திருப்பார்கள், கண்ணுக்குக் கண் ஒரு கயிறு தொங்கும். இரண்டு ஓரத்துப் பெரிய கண்களையும் அடியில் இருக்கிற குறுக்குக் கட்டையோடு இறுக்கிக் கட்டி, நடுவில் தொங்கும் துணியைச் சுருட்டிச் சின்னக் கயிறுகளால் கட்டிவிட்டால் பாய் சின்னதாகிவிடும். பிறகு படகு சாயாமல் காற்றை எதிர்த்து வீடு வந்து சேரும். "கண் இல்லாத பாயே கிடையாது, மிசியே."

அவர் பேசப் பேச என் பட்டியலின் பதினான்காவது வரி என் கண் முன்னால் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்துபோனது. 'பாதியில் கைவிட்டதாகத் தெரிகிறது' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

விருந்தாளி பாயை முழுக்க இறக்கி எங்கள் மடியில் போட்டார். கையால் தடவிப் பார்த்தார். பதினோரு வெள்ளை டிரில் சதுரங்கள், பக்கத்திலேயே ஊதா நிறத்தில் எண்கள்.

"கி சா?" என்றார். இது என்ன என்று அர்த்தம்.

அத்தான் தொப்பலாக நனைந்திருந்தார். டை காதுக்குப் பின்னால் போயிருந்தது. ஆனாலும் பதில் சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"முன்னவர் விட்டுப்போனது, மிசியே. நான் வாங்கினப்பவே இப்படித்தான் இருந்திச்சு."

விருந்தாளி ஒரு சதுரத்தின் மேல் விரலை வைத்தார். "இங்கிலீஷ்காரர் ஏழுக்கு இப்படிக் குறுக்குக் கோடு போடமாட்டாரே."

நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தானின் பதினான்கு மாதமும், அக்காவின் இரண்டு மாலைகளும், கரையில் ஆறிக்கொண்டிருந்த பிரியாணியும் அந்த ஒரு பொய்யின் மேல்தான் நின்றன. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அது என் ஏழு, மிசியே" என்றேன். "ஓட்டைன்னு நினைச்சு நான்தான் பட்டியல் போட்டேன். அக்கா தைச்சாங்க. கயிறை வெட்டினதும் நான்தான்."

நேர்மையால் சொன்னேன் என்று பின்னால் சிலர் என்னைப் புகழ்ந்தார்கள். அப்படியொன்றும் இல்லை. எண்கள் அழகாக விழுந்திருந்தன. என் எழுத்தை இன்னொருத்தர் பேரில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

"தங்கச்சி!" என்றார் அத்தான். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுவரை இல்லை.

விருந்தாளி என் பக்கம் திரும்பினார். "கத்தி இருக்கா, மாம்செல்?" என்று மட்டும் கேட்டார்.

என் கைப்பையில் அரை பிளேடு ஒன்று காகிதத்தில் சுற்றி எப்போதும் இருக்கும். வரைபடத்தில் மை தப்பாக விழுந்தால் சுரண்டி எடுப்பதற்கு. மண்டி போட்டு, படகு குதிக்கக் குதிக்க, முதல் ஒட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். அக்காவின் தையல் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. ஓர் ஒட்டுக்கு இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றும் நாளைக்குக் கல்யாணம் என்பது போல நெருக்கம். அந்தப் படகில் உறுதியாக இருந்த ஒரே பொருள் நாங்கள் தப்பாகச் செய்ததுதான். விரலில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். ஒன்றாம் எண்ணின் மேல் ரத்தம் பட்டு அது கோடு போட்டு அடித்தது போல ஆகிவிட்டது.

ஓரத்துக் கண்கள் இரண்டும் திறந்தன. படகைக் கரையில் கட்டுகிற கயிற்றை இரண்டாக வெட்டி விருந்தாளி முன்னதைக் கட்டினார், பிறகு பின்னதை இழுத்து இறுக்கிக் கட்டினார். கட்டுக்குக் கீழே மிஞ்சிய துணி நடுவில் தொந்தி மாதிரித் தொங்கியது. அதைச் சுருட்டிக் கட்ட எதுவும் இல்லை. நடுவில் நான்கு கண்களைத்தான் என்னால் திறக்க முடிந்தது. விருந்தாளி தன் டையை அவிழ்த்து ஆறாம் எண்ணில் கோத்துக் கட்டினார். பிறகு அத்தான் பக்கம் கையை நீட்டினார்.

"இது பட்டு, மிசியே" என்றார் அத்தான்.

"நல்லது. பட்டு சீக்கிரம் அறாது."

நான்காம் எண்ணில் அத்தானின் டை. எட்டாம் எண்ணில் என் கவுனின் பெல்ட். ஒன்பதில் என் தலை ரிப்பன், மஞ்சள். ஒன்பது சின்னக் கண்களில் நான்குக்குத்தான் ஆள் கிடைத்தது. போதும் என்றார் விருந்தாளி. பாயை இழுத்து ஏற்றினார், சுக்கானை அத்தானிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார். படகு ஒருமுறை மூச்சு வாங்கி, நிமிர்ந்து, கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குறுக்கும் நெடுக்குமாக வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது. வழி முழுக்க அத்தான் வடைக் கூடையால் தண்ணீர் மொண்டு கொட்டினார். கூடையில் தண்ணீர் நிற்காது என்பதை இருவருமே அவரிடம் சொல்லவில்லை.

கரையில் நின்ற அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாளாம். அவள் முதலில் அடையாளம் கண்டது புருஷனை அல்ல, டையை. இரண்டு டைகள் பாயின் நடுவில் கட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, விருந்தாளிக்கும் அத்தானுக்கும் சண்டை என்று நினைத்தாள். அப்புறம் தன் ஒட்டுகள் பிரிந்து தொங்குவதைப் பார்த்தாள்.

"எவ பிரிச்சது?"

"நான்தான்."

"தைக்கச் சொன்னதும் நீ, பிரிச்சதும் நீயா?"

விருந்தாளி மூன்று தட்டு சாப்பிட்டார். "மதாம், உங்க தையல் மாதிரி ஒண்ணு எங்கப்பா படகுல இருந்திருந்தா இன்னும் மிதந்துக்கிட்டு இருக்கும்" என்றார். அக்கா சமாதானமாகி நான்காவது தட்டு வைத்தாள். அத்தானுக்கு உயிர் திரும்பியது. காரில் ஏறும் முன் விருந்தாளி அவரைக் கேட்டார்:

"அந்த முன்னவர் இப்ப எங்கே?"

"கப்பல்ல, மிசியே. ஊருக்குப் போறார்."

"அப்ப தப்பிச்சிட்டார்" என்றார் அவர், டையில்லாத கழுத்தைத் தடவிக்கொண்டே.

அத்தான் இதற்கும் முதலில் சிரித்தார். அர்த்தம் பார்த்தது பாம்ப்ளமூஸ் தாண்டின பிறகு.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். காரணம் எழுதவில்லை. அதை நாங்களே எழுதிக்கொண்டோம். அத்தானின் வரிசைப்படி காரணங்கள்: என் வாய், ஆகஸ்டுக் காற்று, வெள்ளைக்காரர். அக்காவின் வரிசையில் முதலில் நான், பிறகு நான். அத்தான் படகில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இரண்டு வரிசையிலும் இல்லை. நான் ஒரு வரிசை எழுதிப் பார்த்தேன். என் பேர்தான் அதிலும் முதலில் வந்தது. இரண்டாவதாக வந்தது அவருக்குப் பிடிக்காது என்பதால் காட்டவில்லை. அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமலே மிச்சமிருந்த ஐந்து ஒட்டுகளையும் பிரித்து, பதினோரு கண்களுக்கும் காஜா தையல் போட்டு, புதுக் கயிறு கோத்துவைத்தாள். படகு அதன்பிறகு ஒருமுறைகூடத் தண்ணீரில் இறங்கவில்லை.

கொடி மாறுவதற்கு ஒரு மாதம் முன்னால் பண்டகசாலைக்கு நிரந்தரத் தலைவர் வந்தார். குட்லண்ட்ஸ் ஊர்க்காரர், என்னைவிட நான்கு வயதுதான் கூட. அத்தான் மறுபடி இரண்டாவது மேஜைக்குப் போனார். பொறுப்பு ஒப்படைக்க இரண்டு நாள் ஆயிற்று. மாலையில் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு மண்வெட்டி குறையுது" என்றார். "எனக்கு முன்னாடியே குறைஞ்சதுதான். சொன்னேன். அவன் காதுலயே வாங்கலை."

"எதிர்ல என்ன எழுதினார்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். பட்டியல் விஷயத்தில் எனக்கு அடக்கம் இல்லை.

அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அவர் சொல்ல வேண்டியதில்லை. புது ஆள் அதே பேனாவால், அதே வாக்கியத்தை எழுதியிருக்கிறார். முன்னவர் விட்டுப்போனது. இப்போது முன்னவர் அத்தான். இந்தப் பதவிக்கு மட்டும் யாரும் பரிந்துரை எழுத வேண்டியதில்லை. இது நிரந்தரம்.